வெள்ளைக் கூடை, கறுப்புக் கூடை

ஏர் ஃப்ரையரில் எதைச் செய்தாலும் கூடையை நிறைக்கக் கூடாது. பலரும் செய்கிற தப்பு அதுதான். விருந்தாளிகள் வந்துவிட்டார்களே என்ற அவசரத்தில் உருளைக்கிழங்குத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டிவிட்டு, மொறுமொறுப்பாக வரவில்லை என்று மெஷினைத் திட்டுவார்கள். உள்ளே இருப்பது ஒரு காற்றாடியும் ஒரு சூட்டுக் கம்பியும்தான். காற்று ஓட இடம் விட்டால் போதும். நேற்று எனக்கு டீ கொண்டுவந்த உங்கள் ஸ்டேஷன் அம்மா, தன் வீட்டு மெஷினில் சீஸ் உருண்டை வெடித்துப்போகிறது என்று குறைபட்டுக்கொண்டார். உள்ளே வைக்கும் முன் ஃப்ரீசரில் போட்டுக் கல் மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகுதான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். காலி கப்பைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

"நடந்தத உங்க கையாலயே எழுதிக் குடுங்க" என்று சொன்னீர்கள், மேடம். எழுதுகிறேன். எனக்குக் கதை சொல்ல வராது. சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரி, முதலில் இது, பிறகு அது என்றுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள், அலுவலக விருந்து எதுவானாலும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிற சின்னச் சின்னப் பண்டங்களை வீட்டிலேயே செய்து கொடுப்பேன். காரத்தில் பூண்டு வெண்ணெய் அடைத்த காளான், மிளகு தடவிய உருளைக்கிழங்கு, சோளமும் சீஸும் பிசைந்த உருண்டை. இனிப்பில் பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவிய ஆப்பிள், சாக்லெட் பொட்டலம், வாழைப்பழம் வைத்து மடித்த பஃப். எதற்கும் எண்ணெய்ச் சட்டி வேண்டாம். அதிகம் விற்பது, ரொட்டித் தூளுக்குப் பதிலாக முந்திரிப் பொடியில் புரட்டிய சீஸ் உருண்டை. அதற்காகவே விருந்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

என் தங்கைக்கு முந்திரி ஆகாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்கிற அர்த்தத்தில் இல்லை. கொஞ்சம் உள்ளே போனாலும் உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு திணறும். கைக்குழந்தையாக இருந்தபோது யாரோ கொஞ்சுகிறேன் பேர்வழி என்று முந்திரி கேக்கை அவள் நாக்கில் தடவ, அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பிறக்கும்போது எலிக்குஞ்சு போல இருந்ததால் அப்பா அவளைச் சுண்டெலி என்பார். அது தேய்ந்து சுண்டு ஆகிவிட்டது. இருபத்தேழு வயதிலும் அவள் எனக்குச் சுண்டுதான்.

அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்போது சுண்டு இரண்டாம் வகுப்பு, நான் கல்லூரியில் கடைசி வருடம். படிப்பை நிறுத்தினேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள ஒருவர் கேட்டார். தங்கையும் கூட வருவாள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வருத்தமில்லை. சுண்டுவை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, எங்கள் அபார்ட்மெண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு ஏர் ஃப்ரையர். வெள்ளை, சமையலறையில் எங்களுக்கு. கறுப்பு, துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய சின்ன அறையில், ஆர்டருக்கு. எண்ணெய்ச் சட்டி என்றால் தூள் அடியில் தங்கிவிடும். இதில் காற்று சுற்றுவதால் பொடி பறந்து கூடையின் ஓட்டைகளிலும் மேலே இருக்கிற கம்பியிலும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து எதை வைத்தாலும் அதன் மேல் மெல்லிசாகப் படியும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அதனால்தான் கறுப்பு மெஷினுக்குத் தனி ஏப்ரன், தனி இடுக்கி, தனிக் கைத்துணி, எல்லாவற்றிலும் சிவப்பு டேப். அந்த அறையிலிருந்து வெளியே வந்தால் முழங்கை வரை சோப்பு போட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்த பிறகுதான் சுண்டுவைத் தொடுவேன். காய்ச்சல் என்று அவள் கையை நீட்டினாலும் முதலில் குழாயடிக்குத்தான் போவேன்.

"அப்படிப்பட்ட பொண்ணு இருக்கற வீட்டுல எதுக்கும்மா முந்திரி ஆர்டர் எடுத்தீங்க?" என்று நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள். அதுதான் அதிகம் விற்றது என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

சுண்டு ஆறாவது படிக்கும்போது பள்ளியில் மலைப்பக்கம் சுற்றுலா கூட்டிப்போக இருந்தார்கள். அவள் வாரக்கணக்கில் அதே பேச்சாக இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். அப்போது ஏர் ஃப்ரையரெல்லாம் வரவில்லை, ஓவன்தான். கிளம்புகிற அன்று காலையில் ஒரு ஆர்டரும் இருந்தது. தூக்கக் கலக்கத்தில், முந்திரி நறுக்கிய கத்தியால் அவளுடைய சாண்ட்விச்சை வெட்டிவிட்டேன். அது மறதிதான், அதில் சந்தேகம் வேண்டாம். பாதி தின்னும்போதே உதடு வீங்கிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சு சீரானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது.

அன்று நல்ல மழை. ஒரே போர்வைக்குள் இருவரும் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். நடுவில் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என் மடியில் தலைவைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீ இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்ல?"

"ஆமா. அதனால எங்கயும் போகாத."

"போக மாட்டேன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு அவள் பன்னிரண்டாவது முடித்ததும், கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கப்போகிறேன் என்றாள். விடுதிச் சமையலறையில் யார் கத்தியைக் கழுவப்போகிறார்கள்? எடுத்துச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொல்லிப் புரியாததை வேறு விதமாகப் புரியவைக்க வேண்டியிருந்தது. பெட்டி கட்டிய அன்று அவளுக்கு உதடு வீங்கியது. அதற்குள் ஊசிப் பேனா வந்துவிட்டிருந்தது. தொடையில் வைத்து அழுத்தினால் கிளிக் என்று மருந்து தானாக இறங்கும், நாமே போடலாம். கையிலேயே வைத்திருந்தேன், உடனே போட்டேன். அவள் வீட்டிலிருந்தே படித்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்தபோதும் அப்படித்தான் ஆனது. அதற்குப் பிறகு இதே ஊரில் வேலை தேடிக்கொண்டாள்.

நான் முந்திரி கொடுத்தேன் என்று நீங்கள் எழுதினால் அது தப்பு. கொடுக்கவில்லை. விடுதிக்குக் கிளம்பியபோதும் வேலைக்குக் கிளம்பியபோதும் அவளுக்கான பண்டத்தைக் கறுப்புக் கூடையில் வைத்து எடுத்தேன். முந்தின நாள் ஆர்டருக்குப் பிறகு கூடையைக் கழுவாமல் விட்டிருந்தேன். எவ்வளவு ஒட்டியிருந்தால் எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு துண்டு தின்றால் உதடு வீங்கும், மூச்சு கொஞ்சம் இழுக்கும், ஊசி போட்டதும் அடங்கும். டாக்டர்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி அக்கா கெடைக்க அவங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கறுப்பு மெஷின் எதற்காக வீட்டில் இருந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இனி லிஃப்ட்காரர். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி பாதியில் நின்றுவிடும். ஒருநாள் சுண்டு உள்ளே மாட்டிக்கொண்டாள். சரிசெய்ய வந்த மெக்கானிக், அவள் பயப்படக் கூடாதென்று கதவிடுக்கு வழியாக ஜோக் சொல்லிக்கொண்டே திறந்தாராம். அதன் பிறகு அந்த லிஃப்ட் ஏன் அவ்வளவு அடிக்கடி பழுதானது என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ஆள் உயரம், கை முழுக்கக் கிரீஸ், எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். வீட்டுக்கு வந்த முதல் நாளே சமையலறை வாசலில் நின்று, "அக்கா, இவளுக்கு என்னென்ன ஆகாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் கத்துக்கறேன்" என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கத்துக்கட்டுமே, நாலு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவர் கற்றுக்கொண்டார். நகக்கண்ணைத் தேய்க்கக் கற்றுக்கொண்டார். எந்த ரொட்டியை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஊசிப் பேனாவோடு பழகிப் பார்ப்பதற்கென்று ஒரு டம்மிப் பேனா தருவார்கள். பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. அதைத் தன் தொடையில் அழுத்தி அழுத்திப் பழகினார். சுண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஐயோ செத்தேன், சீக்கிரம்" என்று நாக்கைத் தொங்கப்போட்டு அவரைக் கலாட்டா செய்வாள்.

சிவப்பு டேப் ஒட்டிய சாமான்களை ஒருநாள் அவருக்குக் காட்டினேன். எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார்.

"லிஃப்ட்லயும் இப்படித்தான்க்கா. கதவு பூட்டலன்னா கூண்டு நகரவே கூடாது. ஒண்ணு தப்புனா இன்னொண்ணு புடிக்கணும்" என்றவர், கறுப்பு மெஷினைத் தட்டிப் பார்த்து, "ஆனா இது எதுக்குக்கா வீட்டுக்குள்ள? வெளிய ஒரு ரூம் எடுத்துக்கலாமே. முந்திரியே உள்ள வரலன்னா பயமே இல்லையே" என்றார்.

"அட, ஆமால்ல? ஏன்க்கா இத்தன வருஷமா நமக்கு இது தோணல?" என்றாள் சுண்டு.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். வாடகை கட்டுப்படியாகாது என்று சொன்னேன். அவள் அதோடு விட்டுவிட்டாள். அவர் விடவில்லை, மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்வதென்று முடிவானது. அவருக்கு வேறு ஊரில் பெரிய கட்டடம் ஒன்றில் வேலை. இருவரும் அங்கேயே போய்விடுவதாகத் திட்டம். நானும் வருகிறேனே என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "நீ எவ்வளவு நாள்தான்க்கா எனக்காகவே உழைப்ப? இனிமே உனக்குன்னு இரு. நாங்க அடிக்கடி வருவோம்" என்று கட்டிக்கொண்டாள். லிஃப்ட்காரரும், "நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்குன்னு இருப்பது எப்படி என்று அவர்கள் இருவரும் சொல்லவில்லை.

புது வீட்டுக்கென்று அவர் ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கிவந்தார். வெள்ளைதான். பிரித்ததும் எங்கள் ஹாலிலேயே வைத்து, சுண்டு தன் கையால் ஆப்பிளை நறுக்கி, பட்டைப்பொடி தூவி வைத்தாள். சர்க்கரையை முதலிலேயே கொட்டிவிட்டாள், அது கருகாமல் என்ன செய்யும்? கரிக்கட்டையாக வந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அதைத் தின்றார்கள். நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை படாத ஒன்றைச் சுண்டு தின்றது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்குத் தாங்கமுடியாத துக்கமாக இருந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சின்னதாக ஒரு விருந்து வைத்துவிடலாம் என்றாள். அவள் அலுவலகத் தோழிகள், அவரோடு வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டார், அவ்வளவுதான்.

"பெருசா எதுவும் இழுத்து விட்டுக்காதக்கா. ஏர் ஃப்ரையர்ல போட்டு எடுக்கற மாதிரி ஈஸியா நாலு காரம், நாலு இனிப்பு, போதும்."

ஈஸியா என்றாள். அவள் இத்தனை வருடம் சாப்பிட்டதெல்லாம் அவளுக்கு ஈஸியாகத்தான் தெரிந்திருக்கிறது.

அன்று மதியத்திலிருந்து வெள்ளை மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. இனிப்பை முதலில் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆப்பிளில் பூண்டு வாசம் ஏறிவிடும். ஆப்பிளும் சாக்லெட் பொட்டலமும் முடித்து, அப்புறம் உருளைக்கிழங்கு, காளான், சோள உருண்டை. ஒவ்வொன்றிலும் பல்குச்சி குத்தி அடுக்கினேன். எதிலும் முந்திரி இல்லை, பக்கத்தில்கூட வரவில்லை. உங்கள் ஆட்கள் வெள்ளை மெஷினை எடுத்துப்போய்ச் சோதித்தார்களே, ஒன்றும் கிடைத்திருக்காது.

வாழைப்பழ பஃப் மட்டும் கறுப்பு மெஷினில் வைத்தேன். அது சுண்டுவுக்கு உயிர். பஃப் ஷீட்டைச் சதுரமாக வெட்டி, பழத்துண்டின் மேல் துளி வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் வைத்து, நான்கு மூலையையும் மடித்து ஒட்ட வேண்டும். பாதியில் ஒருமுறை திருப்பிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக வரும். நான்கு செய்தேன். அன்றைக்கு வந்த மாதிரி அது எப்போதும் வந்ததில்லை. எங்கள் வீட்டு விருந்தில் சுண்டுவின் தட்டு தனித்தட்டு, வேறு யாரும் தொடமாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். அந்தத் தட்டில் வைத்தேன். அவள் எப்போதும் ஒன்றுதான் தின்பாள். உடம்பு போட்டுவிடும் என்று பயம். அழகாக இருந்தால் கண்ணால் தின்றுவிட்டு மீதியை மறுநாளைக்கு எடுத்துவைப்பாள். அந்த ஒன்றுக்குத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

இன்னொன்றும் செய்தேன். லிஃப்ட்காரர் நிஜ ஊசிப் பேனாவை அதன் உறையோடு தன் தோள்பையில் வைத்திருப்பார். அவர் சாமான் மூட்டைகளைக் கீழே இறக்கப் போயிருந்தபோது, உறைக்குள் டம்மியை வைத்துவிட்டு நிஜத்தை எடுத்து என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். என் எண்ணம் இதுதான், மேடம். அவளுக்கு மூச்சு இழுக்கும். அவர் ஓடிவந்து அழுத்துவார். ஒன்றும் நடக்காது. எல்லோரும் பார்ப்பார்கள், அவளும் பார்ப்பாள். அப்போது நான் வந்து காப்பாற்றுவேன். பிறகு அவளே பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்குவாள். இதில் அவள் உயிருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

விருந்து நன்றாகத்தான் போனது. காளான் முதலில் தீர்ந்தது. "அக்கா, இத எப்படிப் பண்ணீங்க?" என்று அவள் தோழிகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். சுண்டு ஒரு பஃப்பைத் தின்று விரலை நக்கினாள். தட்டை மூடப் போனாள்.

லிஃப்ட்காரர்தான் இன்னொன்றை எடுத்தார். "நாளையிலேருந்து அக்கா கையால கெடைக்காது. சாப்புடு" என்று அவள் வாயில் வைத்தார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

நான் ஹாலின் மறுகோடியில் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். அந்த இரண்டாவதை நான் கொடுக்கவில்லை என்பதை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நடக்க வேண்டியது நடந்தது, வழக்கத்தைவிட வேகமாக. யாரோ சிரிப்பை நிறுத்தினார்கள். நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் கத்தவில்லை, பதறவில்லை. அவளைத் தரையில் படுக்கவைத்து, பையிலிருந்து உறையை உருவி, பழகியபடியே தொடையில் வைத்து அழுத்தினார். காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தார். ஒருத்தி ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்துகொண்டு அழுதாள். அப்போதுதான் அவர் கத்தினார். "அக்கா! இது வேலை செய்யல! உங்ககிட்ட இன்னொண்ணு இருக்கா?"

நான் எதிர்பார்த்தது அதைத்தான். அவர் வாயால் என்னைக் கூப்பிட்டுவிட்டார், எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அப்போதே போயிருக்கலாம்.

நான் கை கழுவப் போனேன்.

இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், ஏன் என்று. கை சுத்தமில்லாமல் நான் அவளைத் தொட்டதே இல்லை. கறுப்பு அறையிலிருந்து வந்திருந்தேன், எல்லாத் தட்டையும் தொட்டிருந்தேன். முழங்கை வரை சோப்பு போட்டேன். விரலிடுக்கு, நகக்கண், எல்லாம் தேய்த்தேன். ஹாலில் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் இவ்வளவு அவசரமாக என்னைக் கூப்பிட்டது அதுவரை நடந்ததில்லை. வெள்ளைத் துணியை எடுத்துத் துடைத்தேன். ஒரு விரலையும் விடவில்லை. பிறகு போய் ஊசியைப் போட்டேன்.

நான் போனபோது சுண்டுவின் கண் திறந்திருந்தது. சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உதடு நீலமாகிவிட்டிருந்தது.

அவள் சாகவில்லை. அது என் ஊசியால்தான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் அதிகமாகிவிட்டதாம். இப்போது நீண்டநாள் நோயாளிகள் வார்டில் ஜன்னலோரம் படுத்திருக்கிறாள். கண் திறந்திருக்கும். கூழாக அரைத்துக் கரண்டியில் கொடுத்தால் விழுங்குவாள். பேச்சு இல்லை. வராது என்றுதான் சொல்கிறார்கள்.

எல்லோரும் லிஃப்ட்காரரைத்தான் திட்டினார்கள். ஊசி போடத் தெரியாதவன் எதற்குப் பொறுப்பெடுத்தான் என்று. டம்மியை நான் குனிந்து எடுத்துவிட்டதால் அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவரே நம்பிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்து, "நான் சரியா அழுத்தலையாக்கா?" என்று கேட்டார். "விடுங்க தம்பி, பதட்டத்துல யாருக்கும் நடக்கறதுதான்" என்று அவர் தோளைத் தட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. உடம்பில் ஒரு இடம் மரத்துப்போனால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அடிக்கடி அன்றைய தினத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை.

அன்றிலிருந்து அவர் காலை ஷிஃப்ட் முடிந்து தினமும் வருகிறார். வேறு ஊர் வேலையை விட்டுவிட்டார். சாயங்காலச் சாப்பாடு அவர் ஊட்டுவார், மதியச் சாப்பாடு நான் ஊட்டுவேன். அந்த வார்டு நர்ஸ் ஒருத்தி மட்டும் மூக்கை நுழைக்காமல் இருந்திருந்தால் இப்படியே போயிருக்கும். எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் முதலில் அவளைத் திட்டினாராம். பிறகு ஒரு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்துவிட்டார். கறுப்பு மெஷினைப் பற்றியும், கையில் கிளிக் ஆகாமல் போன பேனாவைப் பற்றியும் அப்போதுதான் அவருக்கு வரிசையாகத் தோன்றியிருக்கிறது. கழற்றிப் பார்க்கிற ஆள் என்று முன்பே எழுதினேன்.

ஆக, எல்லாம் நான்தான் செய்தேன். கூடையை மாற்றியது, பேனாவை மாற்றியது, கை கழுவியது. முன்பு செய்த இரண்டும்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை. இதன் கீழே கையெழுத்து போடுகிறேன். வக்கீல் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். எந்தத் தண்டனை கொடுத்தாலும் மதிய வேளையில் என்னை ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். போலீஸ் கூடவே நிற்கட்டும், விலங்கு போட்டாலும் பரவாயில்லை, ஒரு கை இருந்தால் போதும். அவளுக்குக் கூழின் பதம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த நர்ஸ் உங்களிடமும் சொல்லியிருப்பாள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஊட்டினால் சுண்டு வாயைத் திறக்கிறாள், நர்ஸ் ஊட்டினாலும் திறக்கிறாள், துடைக்க வருகிற பெண் ஊட்டினாலும் திறக்கிறாள். நான் கரண்டியைக் கொண்டுபோனால் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் திறக்கமாட்டேன் என்று என்னையே பார்க்கிறாள். உரிமை உள்ள இடத்தில்தானே, மேடம், குழந்தை அடம் பிடிக்கும்.